பட்டம் இல்லாமலும் எம்.பி.ஏ. படிக்கலாம்: வேலை அனுபவத்தைக் கொண்டு விண்ணப்பிக்கும் வழி

எஸ்.பி.எம். எழுதிய கையோடு தொழிற்சாலைக்கோ, தோட்ட அலுவலகத்துக்கோ, லோரி நிறுவனத்துக்கோ வேலைக்குப் போனவர்கள் நம் சமூகத்தில் ஏராளம். 15, 20 ஆண்டுகள் கழித்து அவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வேலை தெரியும், ஆட்களை நடத்தத் தெரியும், கணக்கு வழக்கும் தெரியும். ஆனால், நிர்வாகப் பதவிக்கான பாரத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. நேற்று வந்த பட்டதாரிக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அவருக்குக் கீழேயே வேலை பார்க்கும் நிலை பலருக்கும் பழக்கமானதுதான்.

இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் அனுபவத்தையே நுழைவுத் தகுதியாகக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர முடியும் என்பது தெரியும்? வணிக நிர்வாக முதுகலைப் பட்டமான எம்.பி.ஏ. வரையில் இந்த வழி திறந்திருக்கிறது. அதன் பெயர் ‘ஏபெல்’. முன்பு பெற்ற அனுபவக் கல்வியை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏற்பாடு இது. எம்.க்யூ.ஏ. எனப்படும் மலேசியக் கல்வித் தகுதி நிறுவனம் இதை நடத்துகிறது. யாரோ தயவு பண்ணிக் கொடுக்கும் சலுகை இடம் என்று இதை நினைக்க வேண்டியதில்லை. நாட்டின் கல்வித் தகுதிக் கட்டமைப்புக்குள்ளேயே இருக்கும் முறையான வாசல் இது.

யார் எந்தப் படியில் நுழையலாம்?

ஏபெல்லில் ‘ஏ’ பிரிவுதான் நுழைவுக்கானது. சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் 19 வயது, டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சேர விரும்பும் துறையோடு தொடர்புடைய வேலை அனுபவமும் வேண்டும். முதுகலைக்கு 30 வயது. ஆனால், அங்கே இன்னொரு நிபந்தனை சேர்ந்துகொள்கிறது: குறைந்தது எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா அல்லது அதற்கு இணையான தகுதி கையில் இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். “எஸ்.பி.எம். இருந்தால் போதும், நேரே எம்.பி.ஏ. சேரலாம்” என்று சொல்லிக்கொண்டு வரும் முகவர்கள் உண்டு. ஏபெல் வழியில் அது நடக்காது. எஸ்.பி.எம்.மோடு நின்றவர் முதலில் இளங்கலைக்கு ஏபெல் எழுதி, அந்தப் பட்டத்தை முடித்து, பிறகு மற்றப் பட்டதாரிகளைப் போலவே எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாலிடெக்னிக்கிலோ தனியார் கல்லூரியிலோ டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்குப் போனவர், 30 வயதைத் தாண்டியிருந்தால் இளங்கலையைத் தொடாமலே முதுகலைப் படிக்கான மதிப்பீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது வழி குறுக்குவழிபோலத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துவிட்டு இறங்குவது நல்லது. மேல்மாடி கட்டியாகிவிட்டது, கீழ்த்தளம் இல்லை என்ற நிலைதான் அது. எம்.பி.ஏ. முழுமையான எம்.பி.ஏ.தான், அதில் குறையில்லை. இருந்தாலும், சில வேலைகளுக்கும் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கும்போது இளங்கலைப் பட்டம் எங்கே என்று கேட்பார்கள். அரசாங்க வேலையில் குறி வைத்திருப்பவர், அந்தப் பதவிக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் என்ன தேர்ச்சி கேட்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கிவிட்டால் அந்த நிபந்தனை தானாகப் போய்விடும் என்று எண்ணிக்கொள்வது தவறு. 32 வயதுக்காரர் ஒருவர் டிப்ளோமாவோடு இருந்தால், அவசரம் இல்லாதவரை இளங்கலையை முடித்துவிட்டுப் போவதே நீண்ட நாளைக்கு உதவும். 45 வயதில் அதே தொழிற்சாலையில் அடுத்த பதவியை எதிர்பார்த்து நிற்பவருக்கு நேர்வழி பொருந்தலாம்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

ஏபெல் மதிப்பீட்டில் இரண்டு முக்கியப் பகுதிகள்: ஒன்று திறனறித் தேர்வு, மற்றொன்று ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் அனுபவக் கோப்பு. முதுகலைப் படிக்கு விண்ணப்பிப்பவர்கள் நேர்காணலுக்கும் தயாராக இருக்க வேண்டும். எம்.க்யூ.ஏ. நியமித்திருக்கும் ஏபெல் மதிப்பீட்டு நிலையங்களில் இவை நடக்கும். அந்த நிலையங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளுமே.

தேர்வைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். மொழி, கணக்கு, பொது அறிவு, சிந்தனைத் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் அந்தத் தேர்வுக்கு விழுக்காடு, விகிதம், அட்டவணை வாசிப்பது போன்றவற்றை இரண்டு மூன்று மாதம் திருப்பிப் பார்த்தால் வேலையில் இருப்பவர் சமாளித்துவிடலாம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது ‘ரிமூவ்’ வகுப்பில் ஓராண்டு உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு மலாய்மொழித் தேர்வு என்றாலே மனத்தில் ஒரு தயக்கம் இருக்கும். இருபது ஆண்டுகள் மேலாளரிடமும் அரசு அலுவலகங்களிலும் அதே மொழியில் பேசி, கடிதம் எழுதி வேலை பார்த்த பிறகு அந்தத் தயக்கத்துக்குப் பெரிய காரணம் இல்லை.

உண்மையில் பலர் கோட்டைவிடுவது அனுபவக் கோப்பில்தான். காரணம் எளிது. நம்மவர்களுக்குச் செய்த வேலையை எழுதிக் காட்டும் பழக்கம் இல்லை. “பதினெட்டு வருஷம் சூப்பர்வைசர்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மதிப்பிடுபவருக்கு அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியாது. எத்தனை ஆண்டு என்பதைவிட அந்த ஆண்டுகளில் என்ன கற்றார், அதற்கு என்ன சான்று என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, எந்தக் கூட்டத்தை எந்த நிரைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். மழை பெய்து பழம் வெட்டுவது தடைப்பட்டால், ஆலைக்குப் போக வேண்டிய லோரியின் நேரத்தை மாற்றுகிறார். மாத முடிவில் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறார். உரம் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போட்டது, எத்தனை மிச்சம் என்று பதிவு வைக்கிறார். வங்காளதேசத் தொழிலாளர்களின் பெர்மிட் முடியும் தேதியைக் கவனித்துப் புதுப்பிக்கிறார். அவரைப் பொறுத்தவரை இது தினசரி வேலை. வணிகப் பள்ளியின் மொழியில் இதற்குப் பெயர் மனிதவள நிர்வாகம், செயல்பாட்டுத் திட்டமிடல், சரக்கிருப்புக் கட்டுப்பாடு. கோப்பில் அந்தப் பெயர்களை மட்டும் ஒட்டிவைத்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நடந்த சம்பவம், அதில் அவர் எடுத்த முடிவு, அதன் விளைவு, அதைக் காட்டும் தாள் என்று நான்கும் வரவேண்டும். “உர இருப்புப் பதிவை ஒழுங்குபடுத்திய பிறகு கணக்கில் விழுந்த குறை நின்றது, மேலாளர் கையொப்பமிட்ட இருப்புப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது” என்று எழுதினால் மதிப்பிடுபவர் நின்று படிப்பார்.

மளிகைக்கடை, பூக்கடை, முடிதிருத்தகம், உணவுக்கடை நடத்துபவர்களுக்கும் இதே விதிதான். நிறுவனப் பதிவுச் சான்று, ஆண்டுக் கணக்கு, வருமான வரிப் பாரம், சப்ளையரோடு செய்த ஒப்பந்தம், ஊராட்சி உரிமம், கடையின் புகைப்படம் எல்லாமே சான்றுகள்தான். கணக்கு எழுதாமல் கல்லாவையும் வீட்டுச் செலவையும் ஒன்றாகக் கலந்து நடத்திய கடைக்காரருக்கு இந்தக் கோப்பு கொஞ்சம் சிரமம் தரும். அப்படிப்பட்டவர் விண்ணப்பிப்பதை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, ஒழுங்காகக் கணக்கு எழுதத் தொடங்கினால் எம்.பி.ஏ. கிடைக்கிறதோ இல்லையோ கடைக்கு லாபம்.

வேலை பார்த்த நிறுவனம் மூடிவிட்டது, தோட்டம் விற்கப்பட்டுவிட்டது, கடிதம் கொடுக்க ஆள் இல்லை என்ற சிக்கலும் நமக்குப் புதிதல்ல. அதற்காக அந்த ஆண்டுகளை விட்டுவிடத் தேவையில்லை. ஊழியர் சேமநிதி அறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் சந்தா கட்டினார் என்பது இருக்கும். சொக்சோ பதிவும் உதவும். அப்போது உடன் வேலை பார்த்த மேலதிகாரி இப்போது வேறெங்கோ இருந்தாலும், அவரிடம் ஒரு கடிதம் வாங்கலாம்.

சிபாரிசுக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. கட்சிக் கிளைத் தலைவரிடமும் கோயில் தலைவரிடமும் கடிதம் வாங்கி இணைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவர்கள் விண்ணப்பதாரரின் நல்ல குணத்துக்குச் சாட்சி சொல்லலாம். அவர் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் அல்லர். ஷிஃப்ட் மேலாளர் எழுதிக் கொடுக்கும் அரைப்பக்கக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, பெரிய மனிதரின் அச்சிட்ட கடிதத்துக்கு இருக்காது. மாறாக, கோயில் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருந்து திருவிழாவுக்கு நிதி திரட்டி, செலவுக் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் ஒப்படைத்தவர் அதைத் தாராளமாகக் கோப்பில் சேர்க்கலாம். சம்பளம் வாங்கிச் செய்த வேலை மட்டும்தான் அனுபவம் என்பதில்லை.

மதிப்பீட்டில் தேறினால் கிடைக்கும் சான்றிதழ், அந்தப் படியில் விண்ணப்பிக்கலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. அதைக் காட்டி “நான் பட்டதாரிக்குச் சமம்” என்று சம்பள உயர்வு கேட்க முடியாது. பல்கலைக்கழகம் இடம் தருவதும் தராததும் அதன் முடிவு.

பட்டம் உண்டு, ஆனால் வணிகம் படித்ததில்லை

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாதியர், பொறியியலாளர், தமிழ் இலக்கியப் பட்டதாரி. இவர்களுக்கு ஏபெல் தேவையே இல்லை. எம்.பி.ஏ. சேர வணிகப் பட்டம்தான் வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். எந்தத் துறைப் பட்டமானாலும் ஏற்கப்படும். மதிப்பெண் சராசரி 2.50 இருந்தால் பொதுவாகக் கேள்வி இல்லை. அதற்குக் கீழே இருப்பவர்களிடம் வேலை அனுபவத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வணிகம் படிக்காதவர்களுக்குக் கணக்கியல், பொருளியல் போன்ற முன்பாடங்களைச் சில பல்கலைக்கழகங்கள் கூடுதலாகத் தரும். அதற்கான கட்டணமும் காலமும் எவ்வளவு என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கடும் போட்டியுள்ள வணிகப் பள்ளிகளின் கதை வேறு. பேங்க் நெகாரா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோனோடு இணைந்து 2015-இல் தொடங்கிய ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிஸ்னஸ் போன்ற இடங்களுக்கும், சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிப்பவர் பட்டச் சான்றிதழோடு நிற்க முடியாது. ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. தேர்வு, கட்டுரைகள், பரிந்துரைகள், நேர்காணல் என்று பல படிகள் உண்டு. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடத் தேர்வு. கணக்கு, மொழி, தரவு ஆராய்தல் என மூன்று பகுதிகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. முடிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே வேலை ஓய்வாக இருக்கும் காலத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய பள்ளிகளில் வித்தியாசமான பின்னணி பாதகமாக இருக்க வேண்டியதில்லை. வங்கிக்காரர்களும் ஆலோசகர்களும் நிறைந்த வகுப்பில், அரசு மருத்துவமனை வார்டில் இரவுப்பணி அட்டவணை போட்ட தாதி ஒருவர் வேறொரு பார்வையைக் கொண்டு வருவார் என்பதைத் தேர்வுக் குழுவினர் அறிவார்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழும்: கணக்குப் பாடங்களைத் தாக்குப்பிடிப்பாரா? படித்து முடித்து என்ன செய்யப்போகிறார்? முதல் சந்தேகத்துக்கு ஜிமேட் கணக்குப் பகுதியில் நல்ல மதிப்பெண்ணோ, சேரும் முன்பே எடுத்த ஒரு கணக்கியல் சான்றிதழோ பதிலாகும். இரண்டாவதற்குக் கட்டுரைதான் பதில்.

கட்டுரையில் தோட்டப்புற வாழ்க்கையை எழுதலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. எழுதலாம். லயத்து வீடு, பால்மரம் வெட்டிய பெற்றோர் என்று வறுமையை மட்டும் அடுக்கினால் படிப்பவர் இரக்கப்படுவார். இடம் தர அது போதாது. அந்தச் சூழலில் விண்ணப்பதாரர் தாமாக என்ன முடிவெடுத்தார் என்பது வந்தால்தான் கட்டுரை நிற்கும். தோட்டம் கைமாறியபோது குடியிருப்பாளர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து நிர்வாகத்தோடு பேசியவர் என்றால், அந்தப் பேச்சுவார்த்தையை விவரமாக எழுதலாம்.

சேர்ந்த பிறகும் அனுபவம் உதவும்

ஏபெல்லின் ‘சி’ பிரிவு பலருக்குத் தெரியாதது. பட்டப்படிப்பில் சேர்ந்தவர், ஒரு பாடத்தின் உள்ளடக்கம் தமக்கு வேலையிலேயே தெரியும் என்று காட்டினால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைப் பெறலாம். சவால் தேர்வு எழுதியோ அனுபவக் கோப்பு கொடுத்தோ இதைக் காட்ட வேண்டும். மொத்த கிரெடிட்டில் 30 விழுக்காடுதான் உச்சவரம்பு. 120 கிரெடிட் கொண்ட இளங்கலையில் அது 36 கிரெடிட். 40 கிரெடிட் எம்.பி.ஏ.யில் 12. காலமும் கட்டணமும் குறையும். ஆனாலும், தெரியாத பாடத்தைத் தெரியும் என்று காட்டித் தாண்டினால் அடுத்த பருவத்தில் அதன் மேல் கட்டிய பாடம் காலை வாரும். கணக்கியலை மட்டும் யாரும் தாண்டாமல் இருப்பது நல்லது.

பணம் எங்கிருந்து வரும்?

பி.டி.பி.டி.என். கடன் டிப்ளோமாவுக்கும் இளங்கலைக்கும்தான். விண்ணப்பிக்கும்போது வயது 45-ஐத் தாண்டக் கூடாது, எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். எம்.பி.ஏ.வுக்கு அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விக்கான பணம் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வருகிறது. அதே கணக்கிலிருந்துதான் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பிள்ளையின் படிப்பும் அப்பாவின் எம்.பி.ஏ.யும் ஒரே ஆண்டில் வந்தால் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கு முதுகலைப் படிப்புக்கான கட்டணத்தில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் கொடுத்து வருகிறது. முதலாளி எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்டுகிறார் என்றால், அதிலிருந்து படிப்புக்கு உதவ முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஏமாற்றுக்காரர்கள்

எம்.பி.ஏ. என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே எம்.பி.ஏ. அல்ல. ‘எக்சகியூட்டிவ்’, ‘புரொஃபஷனல்’ என்ற அடைமொழிகளோடு வரும் சில படிப்புகளுக்கு எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் இருக்காது. பட்டமளிப்பு விழாவும் அங்கியும் ஹோட்டல் விருந்தும் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். பிறகு அந்தத் தாளை எந்த நிறுவனமும் ஏற்காது. ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைக் கட்டிவிட்டு வெளியே சொல்லவும் வெட்கப்பட்டு இருக்கும் குடும்பங்கள் உண்டு.

தப்பிக்கும் வழி சிரமமானதல்ல. மலேசியத் தகுதிப் பதிவேடு என்ற இணையப் பட்டியலை எம்.க்யூ.ஏ. எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. சேரப்போகும் அந்தப் படிப்பின் பெயரே, எழுத்துக்கு எழுத்து, அங்கே இருக்க வேண்டும். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் தேடிக் காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றுபவர், முன்பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் போடச் சொல்பவர், வகுப்பே இல்லாமல் சில மாதங்களில் பட்டம் என்பவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடலாம்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஏஷியா இ யூனிவர்சிட்டி ஆகியவை வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படுபவை. பகுதிநேர இளங்கலைக்கு நான்கு, ஐந்து ஆண்டுகளும் எம்.பி.ஏ.வுக்கு இரண்டு ஆண்டுகளும் என்று வைத்துக்கொண்டால், 35 வயதில் எஸ்.பி.எம்.மோடு தொடங்குபவர் 41, 42 வயதில் முடிப்பார். ஓய்வு வயது 60 என்பதால் அதன் பிறகும் பதினெட்டு ஆண்டு வேலை இருக்கிறது. ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள், வார இறுதி வகுப்புக்கும் தேர்வுக்கும் விடுப்பு கிடைக்குமா என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ கேட்பதற்கு எழுத்து தேவையில்லை. ஆனால் கேட்காமல் சேரக் கூடாது.

விண்ணப்பத்துக்கு முதலில் தேவைப்படுபவை அடையாள அட்டை நகல், பள்ளிச் சான்றிதழ்கள், வேலைக் கடிதங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள். வீடு மாறியபோதும் வெள்ளத்திலும் எஸ்.பி.எம். சான்றிதழைத் தொலைத்தவர்கள் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பித்துத் தேர்வு முடிவை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பெறலாம். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், ஏபெல் மதிப்பீட்டு நிலையத்துக்குப் போகும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.